பிரஷர் உள்ள குடும்பத்தில் கர்ப்பம்: சென்னையில் முதல் செக்கப்பிலிருந்து பிரசவத்துக்குப் பின் வரை

"குடும்பத்தில் யாருக்காவது பிபி உண்டா?" என்று முதல் செக்கப்பில் நர்ஸ் கேட்டால், பாதி வீடுகளில் "இல்லை" என்றுதான் பதில் வரும். மாத்திரை போட்டு 130-ல் நிறுத்தி வைத்திருக்கும் அம்மாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "அதான் கன்ட்ரோலில் இருக்கே!" அதனால் வீட்டிலேயே கேள்வியை மாற்றிக் கேட்டு எழுதி எடுத்துப்போவது நல்லது. தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறவர் யார், எந்த வயதில் ஆரம்பித்தார்? யாருக்காவது பக்கவாதம் வந்ததா? கர்ப்பத்தில் முகமும் கையும் வீங்கி, ஜன்னி கண்டு, எட்டாம் மாதமே பிள்ளையை எடுத்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பாட்டிகள் வாய் திறப்பார்கள்.

இந்தப் பட்டியலில் மாப்பிள்ளை வீடும் வேண்டும். நஞ்சுக்கொடியில் பாதி மரபணு அப்பாவுடையது. 2017-ல் கர்ப்பகால பிரஷரோடு தொடர்புடையதாகக் கண்டறிந்த எஃப்எல்டி1 மரபணுப் பகுதி, குழந்தையின் மரபணுவில் இருப்பது. மாமியார் தன் மகனைச் சுமந்தபோது பிரஷரால் அவதிப்பட்டாரா என்று மருமகள் கேட்பது சங்கடம்தான், மகனே கேட்டுவிடலாம். கர்ப்பத்தில் பிரஷர் சிக்கல் வரும் வாய்ப்பைச் சொல்லும் ஸ்கேன் சென்டரின் ரிஸ்க் கணக்கு பொதுவாகக் கர்ப்பிணியின் அம்மாவைப் பற்றி மட்டுமே கேட்கும், ஆகவே இதை டாக்டரிடம் நாமாகச் சொல்ல வேண்டும். அத்தை மகன், மாமன் மகன் கல்யாணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டி வருவார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் வந்தது என்பதுதான் முக்கியம். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்குப் பிரஷர் பொதுவாக ஆண்களைவிடக் குறைவு, அதன்பின் எட்டிப் பிடித்துவிடும். அதனால் 65 வயதில் பாட்டிக்கு வந்ததைவிட, 35-ல் சித்திக்கு வந்தது எடை கூடிய தகவல்.

இதற்கெல்லாம் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்றால், பலருக்கும் வரும் வழக்கமான பிரஷர் நோய்க்குப் பணம்தான் வீண். நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கும் குறைவாகவோ கொஞ்சம் கூடவோ ஏற்றி இறக்குகின்றன. பரம்பரையின் பங்கு மொத்தத்தில் 30 முதல் 50 சதவீதம். ஒற்றை மரபணுக் கோளாறு வேறு விஷயம். இருபதுகளிலேயே வீட்டில் பலருக்குப் பிரஷர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு என்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

முதல் பிரஷர் அளவை 12 வாரத்துக்குள் பதிவு செய்வது அவசியம். நடு மாதங்களில் பிரஷர் தானாக இறங்கும். ஐந்தாம் மாதம் முதல்முறை பார்த்து "நார்மல்" என்று எழுதினால், ஏற்கெனவே இருந்த பிரஷர் மறைந்துவிடும். எட்டாம் மாதம் ஏறும்போது பழையதா புதியதா என்று யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்று, மாடிப்படி ஏறி வந்த கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னப் பட்டையும் கூடுதலாகவே காட்டும்.

கர்ப்பத்துக்கு முன்பே பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் பெயரைப் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் கர்ப்பத்தில் கூடாது, சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் போய் லேபெட்டலால், நிஃபெடிபின் அல்லது மெத்தில்டோபாவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

11 முதல் 13 வார ஸ்கேனில் கர்ப்பப்பை ரத்தக்குழாய் டாப்ளரும் (ரத்த ஓட்டத்தை அளப்பது) சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரிஸ்க் அதிகம் என்றால் டாக்டர் ஆஸ்பிரின் எழுதுவார்: பெரும்பாலும் 150 மில்லிகிராம், இரவில், 16 வாரத்துக்குள் ஆரம்பித்து 36 வாரம் வரை. மெடிக்கலில் 75 கிடைத்தால் இரண்டா ஒன்றா என்று சீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது.

சிக்கல் வருவது வளைகாப்புக்குப் பிறகு. பெண் அம்மா வீட்டுக்குப் போவாள். ஃபைல் சென்னையிலேயே இருக்கும். ஆஸ்பிரின் தீர்ந்தால் புது டாக்டருக்குத் தெரியாது. பிரஷர் ஏறும் மாதங்களும் அவைதான். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், எழுதிய பட்டியல் எல்லாம் பையில் போக வேண்டும். சீர்வரிசையோடு வரும் ஊறுகாய் ஜாடி போகாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். கால் வீக்கம் மட்டும் பலருக்கும் சகஜம். 140/90-ஐத் தொட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 160/110, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலா எலும்புக்குக் கீழே வலி என்றால் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் போய்விடாது. மூன்றிலிருந்து ஆறாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். பல பேர் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருப்பார்கள். அந்த வாரம் வீட்டில் மேல்கைப் பட்டை மெஷின் இருந்தால் நல்லது. 12 வாரத்துக்குப் பிறகும் 140/90 இருந்தால் அது நிரந்தரப் பிரஷர் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடரும். சின்ன வயதிலேயே வந்தவர்கள் பொட்டாசியம், ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனையை அப்போதுதான் செய்ய வேண்டும். கர்ப்பத்தில் அந்த ஹார்மோன்கள் இயல்பாகவே ஏறியிருக்கும், ரிசல்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.