ஃபிலடெல்ஃபியாவில் ஒன்றரை வயதுக்காரியோடு ஒரு முற்பகல்

ஃபிலடெல்ஃபியாவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் விடுதலை மணியைப் பார்த்து, 1776-இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் நியூயார்க்குக்கோ வாஷிங்டனுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் மத்திய நியூ ஜெர்சியில் வசிப்பதால் அந்த இடங்களையெல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்த முறை பயணமே என் ஒன்றரை வயது மகளுக்காக; உடன் வந்தவர் மதுரையிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த என் அம்மா. நாங்கள் சென்றது, ஸ்கூல்கில் ஆற்றுக்கு மேற்கே ஃபேர்மவுண்ட் பூங்காவில், மெமோரியல் ஹால் என்னும் பழைய கட்டடத்தில் இயங்கும் ப்ளீஸ் டச் மியூசியம், அதாவது ‘தயவுசெய்து தொடுங்கள்’ என்று பெயர் கொண்ட குழந்தைகள் அருங்காட்சியகம்.

குழந்தைகளுக்கென்றே அருங்காட்சியகம் அமைக்கும் வழக்கம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் அருங்காட்சியகம் 1976-இல் பிறந்தது. அதைத் தொடங்கிய போர்ஷியா ஹாமில்டன் ஸ்பெர் மாண்டிசோரி கல்வி முறையில் பயிற்சி பெற்றவர். ஏழு வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளையே மனத்தில் வைத்து அவர் இதை அமைத்தார் என்பதுதான் எங்களை இங்கே இழுத்தது. பல குழந்தைகள் அருங்காட்சியகங்களில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் ஓடும் வேகத்தில் தத்தித் தத்தி நடக்கும் குழந்தை மோதி விழாமல் காப்பதே பெற்றோரின் முழுநேர வேலையாகிவிடும் என்று தெரிந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது, ஒரு வயது நிறைந்துவிட்டால் குழந்தைக்கும் பெரியவருக்குரிய அதே கட்டணம் என்று அறிந்து அம்மா திகைத்துப்போனார். "இவ என்னத்தப் பாத்துரப் போறானு இவளுக்கும் முழு டிக்கெட்டு?" என்று அவர் கேட்டதற்கு அப்போது என்னிடம் விடை இல்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் உள்ளே போக முடியாது. அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி 1876-இல் இந்தப் பூங்காவில் ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்து பார்த்தார்கள். கிரகாம் பெல் தம்முடைய தொலைபேசியை அங்கேதான் பேசிக் காட்டினார். அந்தக் கண்காட்சியின் ஓவிய, சிற்பக் கூடமாகக் கட்டப்பட்டதே மெமோரியல் ஹால். கண்காட்சிக்கான பெரிய கட்டடங்களில் இன்றும் அதே இடத்தில் நிற்பது இது ஒன்றுதான். பின்னர் பல பத்தாண்டுகள் நகரின் கலை அருங்காட்சியகமாகவும், இடையில் நீச்சல்குளமும் காவல் நிலையமும் கொண்ட பூங்கா அலுவலகமாகவும் இருந்துவிட்டு, 2008-இல் குழந்தைகள் கைக்கு வந்து சேர்ந்தது.

நுழைந்ததும் குவிமாடத்துக்குக் கீழே பெரிய கூடம். அதன் நடுவே சுதந்திர தேவி சிலையின் கையும் தீப்பந்தமும் ஏறத்தாழ 40 அடி உயரத்துக்கு நிற்கின்றன. லியோ சூவெல் என்ற ஃபிலடெல்ஃபியாக் கலைஞர் பழைய பொம்மைகளையும் கழித்துப்போட்ட பொருள்களையும் சேர்த்துக் கோத்துச் செய்தது அது. இதற்குக் காரணம் உண்டு: சிலை முழுமையாக எழுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு அதன் கை மட்டும் 1876 கண்காட்சிக்கு வந்திருந்தது, மக்கள் 50 சென்ட் கொடுத்துத் தீப்பந்தம் வரை ஏறிப் பார்த்தார்கள், அந்தப் பணம் பீடம் கட்டும் நிதிக்குப் போனது. நானும் அம்மாவும் அண்ணாந்து, பொம்மைக் கார் எது, பொம்மைத் தொலைபேசி எது என்று தேடிக்கொண்டிருந்தபோது, மகள் தரையில் உட்கார்ந்து ஷூவின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள். முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரமுள்ள ஒருத்திக்குத் தலைக்கு மேலே இருப்பதெல்லாம் வானிலையைப் போலத்தான். அவள் உலகம் முழங்கால் உயரத்தில் முடிந்துவிடுகிறது. நல்ல வேளையாக, இந்த வரவேற்புக் கூடத்தைத் தாண்டியதும் எல்லாமே அந்த உயரத்துக்கு இறங்கிவிடுகின்றன.

தண்ணீர்ப் பகுதிக்குத்தான் முதலில் போனோம். ஆற்றைப் போல வளைந்து ஓடும் ஆழமற்ற தொட்டிகள், நீரைத் தடுத்து மட்டத்தை உயர்த்தும் சின்ன மதகுகள், சுற்றும் சக்கரங்கள், மிதக்கும் படகுகள், வாத்துகள். நனையாத மேலங்கி ஒன்றை மாட்டி விட்டேன். ஆனால் அந்த வயதில் தண்ணீர் கைப்பட்டை வழியாக முழங்கை வரை போவதை எந்த அங்கியாலும் தடுக்க இயலாது. அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையை நீட்டினாள், நீட்டிய கை அப்படியே நிற்க என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகே விரல் தண்ணீரில் பட்டது. பக்கத்தில் படகை எடுக்கும் முன் மறுபடியும் ஒரு பார்வை, இந்த முறை பாட்டியை நோக்கி. தெரியாத பொருளின் முன் நிற்கும் குழந்தை தன் பெரியவர்களின் முகத்தைப் படித்து முடிவெடுக்கும் என்பது குழந்தை வளர்ச்சி பற்றி எழுதுவோர் அனைவரும் சொல்வது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த முகம் எத்தனை முறை "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் அனுமதி கேட்கும் பழக்கம் வந்திருக்கும் என்பதை அங்கேதான் யோசித்தேன். அடுப்பு, மின்செருகி, மடிக்கணினி, அப்பாவின் கண்ணாடி என்று வீட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது, அதில் பெரும்பாலானவை நியாயமானவையும்கூட.

அம்மாவுக்கோ இது இன்னும் கடினமாக இருந்தது. "தொடாத கண்ணு, யாராச்சும் ஏதாச்சும் சொல்லப் போறாங்க" என்று அவர் வாயிலிருந்து தன்னாலேயே வந்தது. வரும்போதெல்லாம் சுற்றிப் பார்த்து, யாரும் எதுவும் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்டார். கோயிலில் தூணைத் தடவி, நந்தியின் முதுகைத் தொட்டு வளர்ந்த அவருக்கு, மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் கைகட்டி நடப்பதும்தான்.

அப்போதுதான் அம்மாவிடம் மதுரைத் தூண்களின் கதையைச் சொன்னேன். அடலின் பெப்பர் கிப்சன் என்ற ஃபிலடெல்ஃபியாப் பெண்மணி 1912-இல் மதுரைக்குச் சென்றபோது மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த சிற்பத் தூண்களை விலைக்கு வாங்கி இந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் மருத்துவமனைப் பணிக்குச் சென்றவர் அங்கேயே இறந்துபோக, அவர் நினைவாகக் குடும்பத்தார் 1919-இல் அந்தத் தூண்களை நகரின் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அன்று அந்த அருங்காட்சியகம் இருந்தது நாங்கள் நின்றுகொண்டிருந்த இதே மெமோரியல் ஹாலில். 1928-இல் ஆற்றுக்கு அப்பால் குன்றின் மேல் புதிய கட்டடம் திறக்கப்பட்ட பிறகே கலைப்பொருள்கள் இங்கிருந்து அங்கே போயின. தூண்கள் இப்போது அங்கே ஒரு மண்டபமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன.

"மேலமாசி வீதியில இருக்கே, அந்தக் கோயிலா?" என்று அம்மா கேட்டார். ஆம் என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டுத்தான நாங்க சுண்டல் தின்னோம்" என்றார். அம்மா சாய்ந்தவை அங்கேயே தங்கிவிட்ட வேறு தூண்கள் என்று விளக்கலாம்தான், நான் விளக்கவில்லை. தூண்களை விற்றது சரியா, வாங்கியது சரியா என்பது பெரிய பேச்சு. எனக்கு அப்போது தோன்றியது வேறொன்று: சாய்ந்துகொள்வதற்கென்று நின்ற கல் இங்கே வந்ததும் தொடக்கூடாத கல்லானது; அது விட்டுச்சென்ற இந்த மெமோரியல் ஹாலிலோ இப்போது எதையும் தொடலாம். அம்மா அதன் பிறகு "தொடாத" என்று சொன்னதாக நினைவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

தண்ணீரிலிருந்து அவளைப் பிரித்தெடுத்து, உடை மாற்றி, மளிகைக் கடைக்குப் போனோம். குழந்தை உயரத்துக்குத் தட்டுகள், பிளாஸ்டிக் காய்கனிகள், சின்னத் தள்ளுவண்டிகள், பில் போடும் மேடை. நான்கு வயதுப் பிள்ளைகள் அங்கே குடும்பம் நடத்தினார்கள்: ஒருவன் கடைக்காரன், ஒருத்தி வாடிக்கையாளர், விலை பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். என் மகளுக்குக் கடை என்ற எண்ணமே இல்லை. ஒரு கத்தரிக்காயை வண்டியில் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும்தான் அந்த வயதின் முழு ஆராய்ச்சி. அதை அவசரப்படுத்தி அடுத்த கூடத்துக்கு இழுத்துப் போகும் பெற்றோர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. முருங்கைக்காய் இல்லாத மளிகைக் கடை என்ன கடை என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். பெரிய பையன் ஒருவன் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டபோது அழுகை வரும் என்று நான் தயாரானேன். அவளோ அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், தட்டிலிருந்து ஒரு மக்காச்சோளத்தைத் தானே எடுத்துக்கொண்டாள்.

பேருந்து ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் படம் எடுத்தோம், அது எங்களுக்காக. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய மெத்தையிட்ட மூலையில் கொஞ்ச நேரம் தவழ்ந்தாள். கால் வலித்த அம்மாவும் அங்கே உட்கார்ந்துகொண்டார். கீழ்த்தளத்தில் 1876 கண்காட்சித் திடல் முழுவதையும் கட்டடம் கட்டடமாகக் காட்டும் மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டது. எனக்கு அதன் முன் ஒரு மணி நேரம் நிற்க ஆசை. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை அவள் அரை நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

கட்டடத்தை ஒட்டிய கண்ணாடி மண்டபத்தில் 1908-இல் டென்ட்செல் நிறுவனம் செய்த குடை ராட்டினம் சுற்றுகிறது. இந்தப் பூங்காவை ஒட்டி முன்பு இருந்த உட்சைட் கேளிக்கைத் திடலில் ஓடியது அது. கையால் செதுக்கிய மரக் குதிரைகளோடு பூனைகளும் முயல்களும் பன்றிகளும் உண்டு. குதிரை மேல் உட்காரவைத்ததும் மகள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறியதால், நானும் அவளும் இறங்கி வேலிக்கு வெளியே நின்றோம். அம்மா இறங்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஒரு பூனையின் மேல் ஒருக்களித்து அமர்ந்து முழுச் சுற்றும் வந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வார நாளில், திறந்த உடனே போவது நல்லது. பத்தரைக்கு மேல் பள்ளிக் கூட்டங்கள் வரத் தொடங்கின. இரண்டு செட் மாற்றுடையும் கூடுதல் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோலரை ஓரிடத்தில் விட்டுவிட்டு நடக்கவிடுங்கள். நடக்கப் பழகிய குழந்தைக்கு இரண்டரை மணி நேரமே அதிகம். இரண்டு பகுதிகளைப் பார்த்தாலே முழு நுழைவுக்கட்டணத்துக்கும் ஈடாகிவிடுகிறது. திரும்பும் வழியில் குன்றின் மேலுள்ள தூண்களையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தோம், ஆனால் காரில் ஏற்றியதும் மகள் தூங்கிவிட்டதால், அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் அதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குவதாக முடிவு செய்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம்.