முருகன் படமும் முயல் பசையும்

அத்தை வீட்டு முருகன் படத்தின் சட்டம் தாத்தா காலத்தது. அசல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டியது. மூலைகள் மங்கிப்போனதால், பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய சட்டங்களைச் சரிசெய்யும் ஓர் அண்ணனிடம் அத்தையைக் கூட்டிப்போனேன்.

அவர் மூலையை உற்றுப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை தவறாம குங்குமம் வைப்பேன்" என்றார் அத்தை பெருமையாக.

"இது குங்குமம் இல்லம்மா, தங்கத்துக்கு அடியில பூசுற செம்மண். பழைய பொட்டை ஈரத்துணியால துடைச்சீங்களா? தங்கமும் கூடவே போயிடுச்சு."

அதற்கும் அடியில் இருப்பது சாக்கட்டிப் பொடியும் பசையும். ஈரம் பட்டால் இளகிவிடும். மாமா சொன்ன தங்க ஸ்பிரே யோசனையும் எடுபடவில்லை. அது பித்தளைத் தூளாம், நாளடைவில் கறுத்துவிடுமாம்.

"என்ன பசை?" என்றார் அத்தை.

"முயல் தோலைக் காய்ச்சி எடுக்கிறது."

"முருகன் படத்துக்கா!"

"முயல் புல்லுதாம்மா தின்னும்."

அத்தை சமாதானம் ஆகவில்லை. ஆனால் தங்கத் தாளை எடுக்கும் தூரிகை அணில் முடி என்றதும், ராமருக்கே உதவின பிராணி என்று அதை மட்டும் அனுமதித்தார்.

அண்ணன் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துக்கொண்டார். அந்தத் துளி எண்ணெய்ப் பசைக்கே தாள் ஒட்டிக்கொள்கிறது. விரல் பட்டாலோ கிழிந்துவிடும். சுமார் 80 தாள் சேர்ந்தால்தான் ஒரு கிராம் தங்கம் என்றார். பவுன் கணக்குப் போட வந்த அத்தைக்கு முகம் வாடிவிட்டது.

போன இடத்தை மட்டும் நிரப்பி, புதுத் தங்கம் தனியாகத் தெரியாதபடி கொஞ்சம் மங்கவைப்பாராம்.

"காசு குடுத்து மங்கவைக்கணுமா?"

நியாயமான கேள்விதான். பழைய தங்கத்தை மறைக்காமல் காப்பாற்றுவதுதான் வேலை என்று அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அத்தைக்கோ வியர்த்துக் கொட்டியது. பினாங்கு வெயில் அப்படி. சுவரில் கண்ணில் பட்ட சுவிட்சைத் தட்டினார்.

மின்விசிறி சுற்றியது. அண்ணன் "ஐயோ!" என்றார். மேஜையில் சின்ன மெத்தைப் பலகைமேல் விரித்திருந்த தங்கத் தாள் எழும்பிப் பறந்து, துண்டு துண்டாக என் நெற்றியில் வந்து ஒட்டியது.

அப்புறம் கூலி பேசினார்கள். பொட்டு இனிமேல் கண்ணாடியில் மட்டும்தான் என்று அத்தை ஒப்புக்கொண்டார். பறந்த தாளையும் சேர்த்து அண்ணன் இத்தனை ரிங்கிட் என்றதுதான் தாமதம், அத்தை என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"அதான் என் மருமகன் நெத்தியில இருக்கே, சுரண்டி எடுத்துக்கோங்க."