ஏக்கலையில் ஒரு நூறு கிலோவாட்

கொழும்புக்குப் போகிறவர்கள் காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை தின்பார்கள், கங்காராமய பார்ப்பார்கள், புறக்கோட்டையில் எதையாவது வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஏக்கலைக்கு எப்படிப் போவது என்று நான் கேட்டதும், விடுதி வரவேற்பில் இருந்தவர் ஊர்ப் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னார். "அங்க ஃபேக்டரிகள்தானே இருக்கு?"

புறக்கோட்டையில் நீர்கொழும்பு போகும் 240ஆம் இலக்க பஸ். வத்தளை, கந்தானை தாண்டி ஜா-எலவில் இறங்கினேன். இருபது கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கிருந்து ஆட்டோ. ஓட்டுநர் மலைநாட்டு ஹட்டன் பக்கத்துத் தமிழர்.

"ஏக்கலையில என்னண்ணே பார்க்கப் போறீங்க?"

"ரேடியோ கம்பம்."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அவருக்கு என்ன தெரியும், நான் ராமநாதபுரத்துக்காரன் என்று. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்கு உயிர் வர ஒரு நிமிடம் ஆகும். முதலில் பச்சைக் கண் மெல்ல விரியும், பிறகு 'கொர்ர்' சத்தம், அதற்கும் பின்னால்தான் குரல். சிற்றலையில் கடல் போலவே ஏறி இறங்கி வரும். பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து அமுங்கும், விளம்பரம் வரும்போது கணீரென்று கேட்கும். திருச்சியும் சென்னையும் அப்பாவுக்குச் செய்திக்கு. பாட்டுக்கு இலங்கை வானொலி. அந்தச் சத்தம் எந்த மண்ணிலிருந்து புறப்பட்டது என்று பார்க்கத்தான் வந்தேன்.

அது புறப்பட்டது யுத்தத்திலிருந்து.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. 1944இல் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவில் அலுவலகம் போட்டார். அந்தப் படைகளுக்காகக் கொழும்பில் தொடங்கியதுதான் ரேடியோ சீயாக் (SEAC, அந்தக் கட்டளையகத்தின் ஆங்கிலச் சுருக்கம்). பர்மாக் காடுகளில் காய்ச்சலோடு கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊர்ச் செய்தி, ஊர்ப் பாட்டு. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. டோக்கியோ வானொலியில் பெண் குரல்கள் அமெரிக்கப் பாட்டு போட்டு, வீட்டு நினைப்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தன. சிங்கப்பூரிலிருந்து நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி பேசிய மொழிகளில் தமிழும் உண்டு.

பிரசாரம் ஓய்ந்து பாட்டு வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பாட்டு முதலிலிருந்தே இருந்தது. தூண்டிலில் புழு மாதிரி. யாருக்காக மீன் பிடித்தார்கள் என்பதுதான் பிறகு மாறியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஏக்கலையில் நிறுவிய நூறு கிலோவாட் மார்க்கோனி டிரான்ஸ்மிட்டர் ஒலிபரப்பைத் தொடங்கியது 1946இல். ஜப்பான் சரணடைந்ததோ அதற்கு முந்தைய ஆகஸ்டில். தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்த பிறகு மேளக்காரர்கள் வந்து இறங்கிய கதைதான். கப்பலுக்குக் காத்திருந்த சிப்பாய்கள் கொஞ்ச காலம் கேட்டார்கள். அவர்களும் போன பின், தெற்காசியா முழுக்க எட்டும் ஓர் இயந்திரம் வேலையில்லாமல் நின்றது. 1949இல் இலங்கை அரசு அதை ஏற்றுக்கொண்டது.

யுத்தச் சாமானில் பாட்டு வருவது கொழும்புக்குப் புதிதும் இல்லை. 1920களில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அங்கே ஒலிபரப்பைத் தொடங்கியபோது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்துத்தான் சோதனை டிரான்ஸ்மிட்டர் கட்டியதாகச் சொல்வார்கள். தந்தி அலுவலகத்து அறை ஒன்றிலிருந்து அது பரப்பியது கிராமபோன் இசை.

சரி, ஏக்கலைக்கு வருவோம். மதில், வாயில், தென்னைகளுக்கு மேலே இரும்புக் கோபுரங்கள், அவற்றுக்கிடையே கம்பிகள். அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே போக முடியாது என்பது தெரிந்ததுதான், அதனால் கேட்கவில்லை. சாலையோரம் இளநீர் வாங்கி, குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம்.

1950 செப்டம்பர் 30 அன்று ரேடியோ சிலோனின், அதாவது இலங்கை வானொலியின், வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டம் என்ற காமன்வெல்த் உதவித் திட்டத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். ஆனால் அவரைவிடப் பெரிய உதவி டெல்லியிலிருந்து கிடைத்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் அது காணாமல்போனது. விளம்பரத்துக்கும் அங்கே இடமில்லை. கேட்க ஆளிருந்தது, காசு கொடுக்கப் பற்பசைக் கம்பெனி இருந்தது, கடலுக்கு அப்பால் நூறு கிலோவாட் தயாராக நின்றது. வேறென்ன வேண்டும்? அதே வருடம் அறிவிப்பாளர் அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி பினாக்கா கீத்மாலா ரேடியோ சிலோனில் தொடங்கிவிட்டது. பம்பாயில் பதிவு செய்த நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து காற்றில் பம்பாய்க்கே திரும்பி வந்தன. டெல்லி சுதாரித்து, சினிமாப் பாட்டும் போடும் விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில். விளம்பரத்தை அனுமதிக்க இன்னும் பத்து வருடம் பிடித்தது.

அதற்குள் தமிழ்நாடு கைவிட்டுப் போயிருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலைப் பற்றி அப்பா பேசும்போது, ஏதோ தாய்மாமனைப் பற்றிப் பேசுகிறார் என்றே தோன்றும். நான் வளர்ந்தது கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் காலத்தில். காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி கேட்டால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் இதையெல்லாம் ஓட்டுநரிடம் கொட்டிவிட்டேன். அவர் வேகத்தைக் குறைத்தார்.

"எனக்கும் பிறந்தநாள் வாழ்த்து வந்திச்சுண்ணே, ரேடியோவுல. அஞ்சு வயசு. அம்மா தேயிலைத் தோட்டத்துல இருந்து போஸ்ட்கார்டு போட்டாங்க. அன்னைக்கு லயத்து வரிசை வீட்டுக்காரங்க எல்லாம் எங்க வீட்டு வாசல்ல. பேட்டரி இறங்கிப்போச்சு. அப்பா ரெண்டு நாளா வெயில்ல காயவச்சிப் போட்டாரு. தாத்தா பேரு வந்திச்சு, அம்மம்மா பேரு வந்திச்சு, மாமா ரெண்டு பேரு பேரும் வந்திச்சு. அதோட சத்தம் போயிருச்சு."

"உங்க பேரு?"

"சொன்னாங்கன்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க. அப்பா இல்லேம்பாரு." ஹார்ன் அடித்து ஒரு லாரியைத் தாண்டினார். "உங்கள ஸ்டேஷன்ல விடவா, பஸ் ஸ்டாண்டுலயா?"