ஏலாக்குறிச்சியில் அடைக்கலம்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகப் போய்க் கொள்ளிடப் பாலத்தைக் கடந்தால் திருமானூர். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் அடைக்கல மாதா கோயில் இருக்கும் ஏலாக்குறிச்சி. வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றுதான் அம்மா சொன்னார். அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டு, "மாப்பிள்ளை வரவில்லையா?" என்று கேட்டுவிடுவார்களே என்று நான்தான் இந்தச் சின்ன ஊரைச் சொன்னேன்.

என் கணவர் அடிப்பார். அடித்த மறுநாள் பூசைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார். உறவினர்களும் எங்கள் கோயில் பங்கில் சில பெரியவர்களும் ஒன்றையேதான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்: "இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவை, பொறுத்துக்கொள்." மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. காயங்கள் ஆறின. விட்டு வந்தது பாவமோ என்ற அரிப்பு ஆறவில்லை.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவர் வீரமாமுனிவர். அரியலூர் அரசர் மழவராயருக்கு ராஜப்பிளவை என்ற கொடிய கட்டி வந்தபோது, முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு இந்த இடத்து மண்ணையும் நீரையும் பூசிக் குணமாக்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். நன்றிக்கு அரசர் கோயிலுக்கு நிலம் கொடுத்தாராம். மண் பூசித் தீருகிற புண்ணா என்னுடையது என்று நினைத்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

அடைக்கல மாதா முன்னால் முழங்காலில் இருந்தபோது யாரோ வெளியே இரும்புக் கதவை அறைந்து சாத்தினார்கள். என் கை தானாகத் தலையை மறைத்தது. பக்கத்தில் முக்காடிட்டிருந்த பாட்டி அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தன் செபமாலையின் மறுபாதியை என் விரல்களில் சுற்றிவிட்டு, விட்ட மணியிலிருந்தே "அருள் நிறைந்த மரியே" என்று தொடர்ந்தார். "புனித மரியே, இறைவனின் தாயே" என்று நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் குரல் உடைந்தபோதெல்லாம் என் பங்கையும் அவரே சொல்லி முடித்தார்.

பிறகு குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கணவரை விட்டு வந்துவிட்டேன் சாமி, என்றேன். காரணத்தைக் கேட்ட குருவானவர் சற்று நேரம் பேசவில்லை.

"ஏரோது அரசன் குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது யோசேப்பு என்ன செய்தார் அம்மா?"

"இரவோடு இரவாக எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்."

"அங்கேயே இருந்து பொறுத்துக்கொண்டிருக்கலாமே?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணிக் காப்பியத்தின் நாயகனே அந்த யோசேப்புதான். உடலுக்கோ ஆன்மாவுக்கோ, பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் விதி இடம் தருகிறது என்றும், சில நேரங்களில் பிரிவது அவசியமாகவே ஆகிவிடும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எழுதியிருக்கிறார் என்றும் குருவானவர் சொன்னார். இதை ஏன் எங்கள் பக்கத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மன்னிக்க வேண்டாமா என்று கேட்டேன். மன்னிப்பது வேறு, திரும்பிப் போவது வேறு, இரண்டுக்கும் அவசரமில்லை என்றார். விவிலியத்தின் 55ஆம் திருப்பாடலை வாசிக்கச் சொன்னார். பகைவன் இழிவுபடுத்தியிருந்தால் பொறுத்திருப்பேன், நெருங்கிப் பழகிய நீயல்லவா செய்தாய் என்று அதில் ஒருவர் கடவுளிடம் முறையிடுகிறார். மனத்தில் உள்ளதை அப்படியே கொட்டலாம் என்று அதன்பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் என் செபம் அவ்வளவு மரியாதையாக இருப்பதில்லை. ஆனால் படுத்தால் தூக்கம் வருகிறது.

அம்மா கோயிலிலிருந்து கொஞ்சம் மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நான் தடுக்கவில்லை.

ஏலாக்குறிச்சிக்குப் போகிறவர்களில் என்னைப் போல யாராவது இருந்தால், கிளம்பும் முன்பே 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போனதற்காக மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.