பனங்கொட்டை இல்லாத தொண்டை

ஆவணி பிறந்தால் எங்கள் பக்கம் பனம்பழம் விழ ஆரம்பித்துவிடும். மேயப் போகிற மாடு வாசனைக்கு ஆசைப்பட்டுப் பழத்தைச் சப்பும், கொட்டை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். எச்சில் ஒழுகும், தண்ணீர் இறங்காது, வயிறு உப்பும். அந்த மாதத்தில் எச்சில் ஒழுகுகிற மாடு என்று யார் வந்து நின்றாலும் மனசு கொட்டையைத்தான் நினைக்கும். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முக்கூடல் பக்கத்தில் ஒரு ஊர். வேப்பமரத்தடியில் பசு நின்றது. "நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கு டாக்டரய்யா. நானும் கையை விட்டுத் துழாவிப் பாத்துட்டேன், கொட்டை தட்டுப்படல" என்றார் ஆச்சி. பேரன் தாடையைப் பிடித்துக்கொள்ள, மூங்கில் குழாயில் நல்லெண்ணெய்கூட ஊற்றியிருக்கிறார்கள்.

நானும் வெறும் கையை விட்டேன். கொட்டை மாட்டிய மாடு நாக்கால் கையைத் தள்ளும், திமிறும். இதன் நாக்கு ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. விரல் தொண்டைவரை தடையில்லாமல் போனது. அங்கே ஒன்றுமே இல்லை. வயிறும் உப்பியிருக்கவில்லை. கையை வெளியே எடுத்தபோது கட்டைவிரலில் பல் கீறிய கோடு. அப்போதுதான் பசு கத்தியது, தொண்டை கட்டிப்போன குரலில். "ரெண்டு நாளா இப்படித்தான், பருவத்துக்குக் கத்துதுன்னு நினைச்சேன்" என்றார் ஆச்சி.

படித்ததெல்லாம் அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. வெறிநோய்க் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்கும். விழுங்கும் தசை செயலிழந்துபோவதால்தான் எச்சில் வெளியே வழிகிறது. கிருமி இருப்பதும் அந்த எச்சிலில்தான்.

நாய் கடித்ததா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். மாட்டை நாய் கடிப்பதை யார் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? கேள்வியை மாற்றினேன்: "ரெண்டு மூணு மாசத்துக்குள்ள தெருவுல ஏதும் நாயை அடிச்சுக் கொன்னாங்களா ஆச்சி?" பேரன்தான் சொன்னான். ஆனி மாசம் ஒரு செவலை நாய், கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடியதாம்.

ஆச்சியின் கையைப் பார்த்தேன். பீடி சுற்றுகிற கை. இலை வெட்டும் கத்தரி பட்டு விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டு. மூன்று பேரும் அடிபம்பில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். பால் வாங்கியவர்களை நினைத்து ஆச்சி அழுதார். காய்ச்சிய பாலில் கிருமி நிற்காது என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். அப்புறம் பேருந்து பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே தடுக்கிற இம்யூனோகுளோபுலின் ஊசி, அதோடு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி. கால்நடை மருத்துவர்கள் 0, 7, 21 ஆகிய நாள்களில் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருந்தேன்.

பசு நான்காம் நாள் செத்தது. தோலுக்கு ஆள் வந்து நின்றார். உரிக்க விடாமல், ஆறடிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நாய் கடித்தது அன்றைக்கே தெரிந்திருந்தால் மாட்டுக்கும் ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்து கிடையாது, மாட்டுக்கும் சரி, மனுசருக்கும் சரி.

வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டது ஜூலை 6. வருடா வருடம் அந்த நாளில் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசமாகவே ஊசி போடுகிறோம். வளர்ப்பு நாய்கள் வருகின்றன. தெருவில் சோறு வைக்கிற நாயைப் பிடித்துவர ஆளில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

28-ஆம் நாள் ஆச்சி வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கடையில கணக்கு ஒப்படைக்கணும்யா. மூணு போட்டாச்சுல்லா?" நான் திண்ணையில் உட்கார்ந்தேன். சுற்றி முடிக்கும்வரை காத்திருந்து, கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு, அவரையும் பேரனையும் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன்.