வார்டிலிருந்து ஒரு சங்கம்

தனியார் ஆஸ்பத்திரியில் சங்கம் என்று பேச்செடுத்தாலே முதலில் வருவது சர்டிபிகேட் பயம்தான். மதுரையில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் இடத்திலும் அப்படித்தான். வேலைக்குச் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடுவார்கள். "கையெழுத்துப் போட்டா அப்புறம் சர்டிபிகேட்டத் தருவாகளா அக்கா?" என்று ஐ.சி.யு. பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் சீனியர் அக்கா யாரையும் அவசரப்படுத்தவில்லை. "இப்ப எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். டியூட்டி முடிஞ்சு கெளம்புற நேரத்த மட்டும் ஒரு நோட்டுல எழுதி வைங்க" என்றார்.

அந்த நோட்டில்தான் எல்லாம் தொடங்கியது. நைட் டியூட்டி காலை எட்டு மணிக்கு முடிய வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு நோயாளிகளின் விவரம் சொல்லி ஹேண்ட் ஓவர் கொடுத்து, மருந்துக் கணக்குப் பார்த்து, கேஸ் ஷீட் எழுதி முடிக்க ஒன்பதரை ஆகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் காசு கிடையாது. ஆனால் பத்து நிமிடம் லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். தனித்தனியாகப் புலம்பியபோது அவரவர் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டோம். பிரசவ வார்டு, டயாலிசிஸ், எமர்ஜென்சி என எல்லா நேரத்தையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்த்தபோது எங்கும் இதே கதை. சங்கம் தொடங்க நினைக்கும் சிஸ்டர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: எல்லாருக்கும் வலிக்கிற ஒரு விஷயத்தைப் பிடியுங்கள், அதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

மூன்று ஷிப்டில் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கூட முடியாது. வார்டுக்கு ஒருவர் என்று பேசிவைத்து, காந்தி மியூசியத்து மர நிழலில் சந்தித்தோம். ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை போடவில்லை. அங்கே போட்டால் ஸ்க்ரீன்ஷாட் ஹெச்.ஆர். மேசைக்குப் போய்விடும்.

சட்டம் நாங்கள் பயந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில், நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் 2001-ல் வந்த திருத்தம் இது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இதே கணக்குத்தான். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதைச் சட்டம் முறையற்ற தொழில் நடைமுறை என்கிறது. ஆனால் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி என்றால் முதலில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள். தொண்டு அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களுக்குப் புதிய சட்டத்தில் விலக்கு இருக்கிறது. பதினைந்து இருபது பேர் மட்டும் இருக்கிற சின்ன நர்சிங் ஹோம்காரர்கள் தனியாக நிற்பதைவிட, பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து மாவட்ட அளவில் ஒரே சங்கமாகப் பதிவதே நல்லது.

அந்த 10 சதவீதக் கணக்கில் நர்ஸ்கள் மட்டும் வருவதில்லை. லேப், பார்மசி, ஆயாம்மா என்று எல்லாரும் வருகிறார்கள். இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. "நாம படிச்சவுக, ஆயாக்களோட ஒரே சங்கமா?" என்று சிலர் ஒதுங்கினார்கள். எனக்கு அந்தப் பேச்சு இன்றைக்கும் உறுத்துகிறது. ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் புரட்டிப் போட நான் கூப்பிடுவது அந்த அம்மாவைத்தானே? எங்கள் ஆயாம்மா ஒருவரின் தாத்தா இங்கே ஹார்வி மில் என்ற பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வழக்கறிஞரும் சுதந்திரப் போராட்டக்காரருமான ஜார்ஜ் ஜோசப் போன்றவர்கள் முன்னின்று 1918-லேயே மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய ஊர் இது. ஒரு ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடுக்க வேண்டும், கணக்கை மாதாமாதம் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அந்த ஆயாம்மாதான். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் பணக் கணக்கில்தான் என்பதால், பொருளாளர் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தோம்.

சம்பளத்துக்கு நாங்கள் கையில் எடுத்தது தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சம்பளம் பற்றிய நிபுணர் குழுவின் பரிந்துரை. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு அது. 50 படுக்கைக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையான சம்பளம் என்றது. பரிந்துரைதானே என்று நிர்வாகம் தட்டிக் கழிக்கப் பார்க்கும். ஆனால் கேரளத்து நர்ஸ்கள் வருஷக்கணக்கில் போராடி, 2018-ல் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளத்தை அரசு ஆணையாகவே வாங்கியிருக்கிறார்கள்.

வேலைநிறுத்தத்தை நாங்கள் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறோம். வென்டிலேட்டரில் இருப்பவரை விட்டுவிட்டு வெளியே வர என்னால் முடியாது. கறுப்புப் பட்டை, கோரிக்கைக் கடிதம், தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு என்று போனோம். இப்போது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற ரோஸ்டரை ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டுகிறார்கள். ஹேண்ட் ஓவர் நேரமும் டியூட்டியில் சேர்ந்துவிட்டது. சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சம்பளப் பேச்சு இன்னும் முடியவில்லை, அடுத்த அமர்வுக்கு அந்தப் பழைய நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் சமரச அதிகாரி.