குலுக்கலில் விழுந்த மனையும் கோப்பில் விழுந்த மனையும்

அப்பா இறந்த பிறகு அவருடைய இரும்பு பீரோவை ஒழித்தபோது, மஞ்சள் துணிப்பைக்குள் நாடா கட்டிய ஒரு கோப்பு கிடைத்தது. முன்வைப்புத் தொகை கட்டிய ரசீது, ஒதுக்கீட்டு ஆணை, பதின்மூன்று ஆண்டுகள் மாதந்தவறாமல் கட்டிய தவணைச் சலான்கள், கடைசியாகக் கிரையப் பத்திரம் என்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். எங்கள் மனை வீட்டுவசதி வாரியக் குலுக்கலில் கிடைத்தது. முதல் இரண்டு முறை பெயர் விழவில்லை. மூன்றாவது முறை, ஒரு கல்யாண மண்டபத்தில், மேடைக்கு அழைக்கப்பட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தி உருளையிலிருந்து எடுத்த சீட்டில் அப்பாவின் விண்ணப்ப எண் இருந்தது. அன்று மாலை அவர் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்ததும், அம்மா அதைச் சாமி படத்துக்கு முன் வைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் காத்திருப்பின் நடுவே அப்பாவிடம் தரகர் ஒருவர், குலுக்கலை நம்பி உட்கார்ந்திருந்தால் வயதுதான் ஆகும், மேலிடத்துச் சிபாரிசு ஒன்று இருந்தால் கோட்டாவில் வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு கோட்டா உண்டு என்பதே அப்பாவுக்கு அப்போதுதான் தெரியும். சிபாரிசு பிடிக்க அவருக்கு ஆளும் இல்லை, மனமும் இல்லை. நான் எழுத வந்தது அந்தக் கோட்டாவைப் பற்றியும், சென்னையில் நிலத்தைச் சுற்றி எழுந்த இரண்டு வழக்குகளைப் பற்றியும்தான். ஒன்று அ.தி.மு.க. ஆட்சியின் காலத்தியது, மற்றது தி.மு.க. ஆட்சியின் காலத்தியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் நோய் எங்கே இருக்கிறது என்பது புலப்படும் என்று நம்புகிறேன்.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இல் தொடங்கப்பட்டது. அது உருவாக்கும் மனைகளிலும் வீடுகளிலும் 85 விழுக்காடு குலுக்கல் முறையில் பொதுமக்களுக்குச் செல்ல வேண்டும். மீதி 15 விழுக்காடு அரசின் விருப்புரிமை ஒதுக்கீடு. கணவனை இழந்த பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கு உதவுவதற்காகவே அந்த ஒதுக்கீடு இருப்பதாகக் கேட்கும்போது யாருக்கும் மறுப்பு எழாது. ஆனால் அதே பட்டியலில் சமூக சேவகர் என்றும், அப்பழுக்கற்ற பணிப்பதிவு கொண்ட அரசு ஊழியர் என்றும் இரண்டு வகைகள் உண்டு. விதவை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது, மாற்றுத்திறனாளி என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அப்பழுக்கற்றவர் என்பதை எதைக் கொண்டு அளப்பது? லட்சக்கணக்கான அரசு ஊழியர்களில் துறை நடவடிக்கை எதற்கும் ஆளாகாதவர்கள்தான் பெரும்பான்மை. அப்பாவும் அவர்களில் ஒருவர். அத்தனை பேரில் ஒருவருடைய கோப்பு மட்டும் அமைச்சரின் மேசைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு விதியில் விடை இல்லை.

2010ஆம் ஆண்டின் இறுதியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே இந்த ஒதுக்கீட்டில் மனை பெற்றவர்களின் விவரங்கள் வெளிவந்தபோது, உயர் காவல் அதிகாரிகள், ஆட்சிப்பணி அதிகாரிகள், அரசியல் தொடர்புடையவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தது பெரும் பேச்சாயிற்று. 2011இல் ஆட்சி மாறியது. அதன் பின்னர் லஞ்ச ஒழிப்புத் துறை சில வழக்குகளைப் பதிவு செய்தது. அவற்றுள் ஒன்று, 2008 மார்ச்சில் முகப்பேர் ஏரித் திட்டப் பகுதியில் உயர் வருவாய்ப் பிரிவு மனை ஒன்று, அப்போதைய முதல்வரின் பாதுகாப்புப் பணியில் இருந்த காவல் அதிகாரி ஒருவருக்கு, அப்பழுக்கற்ற அரசு ஊழியர் என்ற வகையில் முறைகேடாக ஒதுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு. அன்றைக்கு வீட்டுவசதித் துறை அமைச்சராக இருந்த ஐ. பெரியசாமி அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர். குற்றச்சாட்டை அவர் மறுத்தே வந்திருக்கிறார், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததும் இல்லை. இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டைத் தீர்ப்பாக எழுதுகிறவர்கள், உண்மையான கேள்விகளையும் சேர்த்தே கெடுத்துவிடுகிறார்கள்.

அந்த வழக்கு போன பாதைதான் என்னை அதிகம் வாட்டுகிறது. 2012இல் பதிவான வழக்கில், சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு, 2023 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. மனை ஒதுக்கியது சரியா தவறா என்பதை ஆராய்ந்து வந்த முடிவன்று அது. வழக்குத் தொடர அனுமதி தந்தவர் சட்டமன்றப் பேரவைத் தலைவர். அனுமதி ஆளுநரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே காரணம். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தாமாகவே அதை மறுஆய்வுக்கு எடுத்து, 2024 பிப்ரவரி 26 அன்று விடுவிப்பை ரத்து செய்து, விசாரணையைத் தொடர உத்தரவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. பதினாறு ஆண்டுகள் கழிந்த நிலையிலும் பேச்சு, அனுமதிக் கடிதத்தில் யார் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பதில்தான் நின்றது. குலுக்கலுக்குப் பணம் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் எதைக் கேட்க விரும்புமோ, அந்தக் கேள்வி அத்தனை ஆண்டுகளில் ஒரு தீர்ப்பைக்கூட எட்டவில்லை.

இதற்கும் முந்தையது டான்சி வழக்கு. கிண்டியில் டான்சி என்ற தமிழ்நாடு சிறுதொழில் கழகத்துக்குச் சொந்தமாக இருந்த, நலிந்துபோன ஆலைகளின் நிலங்கள் 1992இல் விற்கப்பட்டன. வார்ப்பட ஆலையின் நிலம் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். ஒப்பந்தப்புள்ளி கோரித்தான் விற்றார்கள். வாங்கியது ஜெயா பப்ளிகேஷன்ஸ் நிறுவனம். அதன் பங்குதாரர்கள் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவும் வி.கே. சசிகலாவும். இன்னொரு துண்டு நிலத்தை சசி எண்டர்பிரைசஸ் வாங்கியது. அரசு நிறுவனத்தின் நிலத்தை, அந்த அரசின் தலைமையில் இருப்பவரே பங்குதாரராக உள்ள நிறுவனம் வாங்குகிறது. என் கண்ணுக்கு இதைவிடப் பெரிய முரண் வேண்டியதில்லை. விலை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இருந்திருந்தாலும் அந்த முரண் அப்படியேதான் இருந்திருக்கும்.

இந்த இரண்டு விற்பனைகள் மீதும் வழக்குகள் நடந்தன; 2000 அக்டோபர் 9 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் மூன்று ஆண்டுகளும் மற்றதில் இரண்டு ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. அதனால் 2001 தேர்தலில் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. ஆனாலும் கட்சி வென்றது, அவர் முதல்வராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பதவியேற்பு செல்லாது என்றது. டிசம்பர் 4 அன்று உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மேல்முறையீட்டில் 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதி செய்தது.

அந்தக் கடைசித் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். வழக்கின் உயிர் இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169ஆவது பிரிவு. ஒரு சொத்தை வாங்கக் கூடாது என்று சட்டத்தால் தடுக்கப்பட்ட பொது ஊழியர் அதை வாங்கினால்தான் அந்தப் பிரிவின்படி குற்றம். அரசுச் சொத்தை அமைச்சர்கள் வாங்கக் கூடாது என்பது நடத்தை விதித் தொகுப்பில் இருந்தது. ஆனால் அந்தத் தொகுப்புக்குச் சட்டத்தின் வலு இல்லை, ஆகவே அது சட்டத் தடையாகாது என்று நீதிமன்றம் கூறியது. இரண்டாவது, விலை. நிலம் வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்து விற்கப்பட்டது என்பது அரசுத் தரப்பின் வாதம். வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வையைக் கணக்கிடுவதற்கு வைத்துக்கொண்ட அளவுதானே தவிர, சந்தை விலைக்கு அதுவே சான்றாகிவிடாது என்று அந்த வாதமும் விழுந்தது. சட்டத்தின் கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டையும் மறுப்பது எளிதன்று, நானும் மறுக்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பின் முடிவில், நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுத்து மனச்சான்றுக்குப் பதில் சொல்லுமாறும், நடத்தை விதியின் உணர்வை மீறியது சரிதானா என்று எண்ணிப் பார்க்குமாறும் ஜெயலலிதாவுக்கு நீதிபதிகள் எழுத வேண்டியிருந்தது. குற்றமில்லை என்று விடுவித்த கையோடு, நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு முதல்வரின் மனச்சான்றை நோக்கிப் பேசியது. சட்டத்தில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லாமல் போனதால் வந்த நிலை அது. அந்த வரியை எழுதும் அதிகாரம் நம் சட்டமன்றத்துக்கு இருக்கிறது.

கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மலை நகரில் கூடுதல் மாடிகள் கட்ட விதிவிலக்கு அளித்த ஓர் அரசாணையைப் பற்றியது அது. 2000 பிப்ரவரி 2 அன்று அதில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டதும் வெடித்த வன்முறையில், தருமபுரி அருகே பேருந்து கொளுத்தப்பட்டு, கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரோடு எரிந்துபோனார்கள். அந்த வழக்கிலும் டான்சி வழக்கின் விடுதலை வந்த அதே நாளில் விடுதலை வந்தது. அந்த மூன்று பிள்ளைகளை எண்ணாமல் இந்தக் காலத்தை என்னால் எழுத முடியவில்லை.

நிலத்தில் நடக்கும் முறைகேட்டுக்குப் பணப்பெட்டி கைமாற வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சென்னை போன்ற ஒரு நகரத்தில் அது தேவையே இல்லை. வாரியம் மனையை ஒரு விலைக்குத் தருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அதே அளவு மனை பல மடங்கு விலைக்குப் போகிறது. ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் வீடு கிடைக்கட்டும் என்றுதான் அரசு விலையைக் குறைத்து வைத்திருக்கிறது. அந்த நோக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு சொத்து, அதற்கு உரிமையாளர் யார் என்று முடிவு செய்வது ஒரு கையெழுத்து. குலுக்கலில் அந்தக் கையெழுத்து அந்தச் சிறுமியின் விரல்களுக்குப் போய்விடுகிறது. விருப்புரிமையில் அது அமைச்சரிடமே தங்கிவிடுகிறது. பெற்றவர் அதை மறுவிற்பனை செய்தால் வித்தியாசம் ரொக்கமாகிறது. விற்காவிட்டாலும் நன்றிக்கடனாகக் கிடக்கிறது. காவல் அதிகாரிக்கும் ஆட்சிப்பணி அதிகாரிக்கும் அரசியல்வாதி மனை கொடுக்கிறார் என்றால், நாளை அதே அரசியல்வாதியின் மீது புகார் வரும்போது அதை விசாரிக்க வேண்டியவர் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இது தமிழ்நாட்டின் தனி நோயன்று. ஹைதராபாத் மாநகராட்சி எல்லைக்குள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள், நீதிபதிகள், பத்திரிகையாளர்கள் ஆகியோரின் சங்கங்களுக்குச் சலுகை விலையில் நிலம் ஒதுக்கிய அரசாணைகளை, 2024 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சமத்துவத்துக்கு மாறான அந்த ஒதுக்கீட்டைக் கொள்கை முடிவு என்ற பெயரால் காப்பாற்ற முடியாது என்பது அதன் சாரம். அந்த வழக்கில் யாருடைய உள்நோக்கத்தையும், யார் யாரோடு சதி செய்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஒதுக்கீட்டின் அடிப்படையையே நீதிமன்றம் எடுத்து நிறுத்திக் கேட்டது. நம்முடைய வழக்குகளில் பெரும்பாலும் ஆட்களைத் துரத்துகிறோம், விதியை விட்டுவிடுகிறோம். ஆட்சி மாறியதும் புகார் சூடுபிடிப்பதும், மீண்டும் மாறியதும் ஆறிப்போவதும் அதனால்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசுச் சொத்தை அமைச்சரோ அவருக்குப் பங்குள்ள நிறுவனமோ வாங்கக் கூடாது என்பது சட்டமாக எழுதப்பட வேண்டும். விருப்புரிமை ஒதுக்கீட்டில் சான்றால் நிறுவ முடியாத வகைகள் நீக்கப்பட வேண்டும். மீதமிருக்கும் வகைகளுக்குள்ளும் குலுக்கல் நடக்கட்டும், கணவனை இழந்த நூறு பெண்கள் விண்ணப்பித்தால் அவர்களுக்குள் சீட்டு எடுக்கட்டும். மனை பெற்றவரின் பெயர், வகை, விலை, ஒதுக்கிய தேதி, பிற்பாடு விற்றாரா என்ற விவரம் ஆகியவை யாரும் மனுப் போட்டுக் கேட்காமலே பொதுவில் இருக்கட்டும்.

அப்பாவின் கோப்பில் அந்த விண்ணப்ப எண் எழுதிய ரசீதின் பின்பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. பிடித்தம் போகச் சம்பளம், வீட்டு வாடகை, எங்கள் இருவரின் பள்ளிக் கட்டணம், மாதத் தவணை என்று வரிசையாக எழுதி, கூட்டிக் கழித்து, அடியில் மிச்சம் 41 ரூபாய் என்று பென்சிலால் போட்டு வட்டமிட்டிருக்கிறார். அந்த ரசீதை மட்டும் கோப்பிலிருந்து எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.